எல்லாம் ஹார்மோன் செய்யும் வேலையா? அடிக்கடி வரும் கேள்விகள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது ஒரு படம் வந்துவிடும். நான்கு வண்ணக் கட்டங்கள். டோபமைன் மகிழ்ச்சிக்கு, செரடோனின் நிம்மதிக்கு, ஆக்சிடோசின் அன்புக்கு, எண்டார்பின் வலி மறக்க. கீழே 'இவற்றை இயற்கையாகக் கூட்டுவது எப்படி' என்று வாழைப்பழமும் பாதாமும். நான் உடலியல் பாடம் எடுப்பவன் என்பதால், அந்தப் படத்தைப் பார்த்தவர்களின் சந்தேகங்கள் கடைசியில் என்னிடம் வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு ரசாயனத்துக்கு ஒரு உணர்ச்சி என்று பெயர்ச்சீட்டு ஒட்டுகிற அந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்பதுதான் கீழே பாதிக்கு மேல்.

ஹார்மோனும் மூளை ரசாயனமும் ஒன்றா, வேறா?

ஹார்மோன் தண்டோரா மாதிரி. ஒரு சுரப்பி அதை ரத்தத்தில் விடுகிறது, ரத்தம் போகிற இடமெல்லாம் அது போகும். தண்டோரா ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் 'வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லாம் வரவும்' என்றால் அவர்கள் மட்டும்தான் எழுந்து வருவார்கள். அதேபோல் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி எந்த செல்லில் இருக்கிறதோ, அந்த செல் மட்டும் அதற்குச் செவி சாய்க்கும்.

மூளை ரசாயனம், அதாவது நரம்புக் கடத்தி, காதில் சொல்லும் ரகசியம். ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் அது தாண்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு இடைவெளி. கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

சில மூலக்கூறுகள் இரண்டு வேலையும் செய்யும். நார்அட்ரினலின் அப்படி, ஆக்சிடோசினும் அப்படி. ரத்தத்தில் ஓடும்போது ஒன்று, மூளைக்குள் இன்னொன்று. 'இது என்ன செய்யும்?' என்று கேட்டால், 'எங்கே இருக்கும்போது?' என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான்.

டோபமைன்தானே மகிழ்ச்சி ஹார்மோன்?

இல்லை. இந்தத் தவறுக்கு ஒரு வரலாறு உண்டு. 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பியைச் செருகி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் லேசான மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலிகள் அழுத்தின. விடாமல் அழுத்தின. 'மூளையின் இன்ப மையம் கிடைத்துவிட்டது' என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பாதையில் டோபமைன் முக்கியம் என்பது பிறகு தெரிந்ததும், டோபமைன்தான் இன்பம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் அழுத்திக்கொண்டே இருந்த எலி உண்மையில் இன்பம் அனுபவித்ததா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இதைச் சோதித்தார். நாக்கில் இனிப்பு பட்டால் எலி நாக்கை நீட்டி உதட்டை நக்கும். கைக்குழந்தையும் அப்படித்தான் செய்யும். மூளையின் டோபமைனைக் கிட்டத்தட்ட முழுக்க அழித்துவிட்ட எலிகளின் நாக்கில் இனிப்புநீரை விட்டார். பழையபடியே சப்புக்கொட்டின. ருசி அப்படியே இருந்தது. போனது வேறு: உணவைத் தேடிப் போகும் உந்துதல். முன்னால் சோறு இருந்தாலும் பட்டினியில் கிடந்தன.

தமிழில் இதற்கு இரண்டு தனிச் சொற்கள் தயாராக இருக்கின்றன. 'பிடிக்கும்' ஒன்று, 'வேண்டும்' இன்னொன்று. டோபமைன் 'வேண்டும்' பக்கத்து ஆள். சிகரெட் பிடிக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள்: 'பிடிக்கவே இல்லை சார், ஆனா வேணும்' என்பார். இரண்டும் தனித்தனிப் பாதை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் என்னிடம் இல்லை.

அப்படியென்றால் டோபமைன் என்னதான் சொல்கிறது?

'எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் என்ன வித்தியாசம்' என்று சொல்கிறது. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் டோபமைன் செல்களில் நேரடியாகப் பதிவு எடுத்தார். திடீரென்று ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தால் செல்கள் படபடவென்று துடித்தன. பிறகு, சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்குக்குப் பழகிவிட்டது. இப்போது துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வந்தபோது செல்கள் சும்மா இருந்தன. விளக்கு எரிந்து சாறு வரவில்லை என்றால், சரியாகச் சாறு வந்திருக்க வேண்டிய நொடியில், வழக்கமான துடிப்பும் அடங்கியது.

முதல் மாதச் சம்பளம் வந்த அன்று இருந்த குதூகலம் முப்பதாவது மாதம் எங்கே போனது என்று யோசித்திருந்தால், பதில் இந்தக் குரங்கிடம் இருக்கிறது. போனஸ் வருஷா வருஷம் வந்தால் யாரும் கைதட்டுவதில்லை. ஒரு வருஷம் வரவில்லை என்றால் அலுவலகமே கொதிக்கும்.

டோபமைனைக் கண்டுபிடித்ததில் நம் ஊர் மூலிகைக்குப் பங்கு உண்டு என்கிறார்களே, உண்மையா, வாட்ஸ்அப் பெருமையா?

இது ஒன்று உண்மை. எனக்குப் பிடித்த கதையும்கூட, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை இந்திய மருத்துவத்தில் பித்துப் பிடித்தவர்களைச் சாந்தப்படுத்தவும் தூக்கத்துக்கும் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். 1949இல் பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்தக் கொதிப்புக்கு அது பயன்படுவதை ஆங்கிலேய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா மருந்து நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள்.

ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். காது தொங்கி, அசையாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டன. அப்புறம் டோபா என்ற மூலப்பொருளை ஊசியில் ஏற்றினார்; உடம்பு அதிலிருந்து டோபமைனைச் செய்துகொள்ளும். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. அதுவரை டோபமைன் என்பது நார்அட்ரினலின் தயாரிப்பில் நடுவழியில் வரும் ஒரு பொருள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள். அதற்கே தனி வேலை உண்டு என்று 1950களின் கடைசியில் தெரிந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. டோபமைனை வடியவிட்டது ஒரு நாட்டுச் செடி என்றால், திருப்பிக் கொடுக்கிற எல்-டோபா இன்னொரு நாட்டுச் செடியின் விதையில் இருக்கிறது: பூனைக்காலி. பார்க்கின்சன் நோய்க்கு, நம் பக்கம் நடுக்குவாதம் என்பார்கள், இன்றுவரை முதன்மையான மருந்து எல்-டோபாதான். அதற்காகப் பூனைக்காலிப் பொடியை ஆன்லைனில் வாங்கி 'மோட்டிவேஷனுக்காக' தினம் இரண்டு ஸ்பூன் சாப்பிடாதீர்கள். அளவு தெரியாமல் மருந்து சாப்பிடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அடுத்த பதிலைப் படித்தால் காரணம் புரியும்.

டோபமைன் கூடினால் நல்லதுதானே?

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, டோபமைன் மாதிரியே ஏற்பியில் போய் உட்காரும் மாத்திரைகள் உண்டு. பிராமிபெக்ஸோல் அதில் ஒன்று. வாழ்நாள் முழுக்கச் சீட்டையே தொடாத மனிதர் அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு சூதாட்டத்தில் பணத்தை இழப்பது, தேவையில்லாத பொருளாக வாங்கிக் குவிப்பது, நள்ளிரவில் எழுந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பது என்றெல்லாம் மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். 2010இல் வெளியான ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கேட்டபோது, அந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேரிடம் இப்படி ஏதோ ஒரு கட்டுப்பாடற்ற பழக்கம் இருந்தது. எடுக்காதவர்களிடம் சுமார் 7 சதவீதம். மாத்திரையைக் குறைத்தாலோ மாற்றினாலோ பலருக்கு அது அடங்கிவிடுகிறது.

வீட்டில் யாராவது இந்த மாத்திரையில் இருந்தால் இதைத் தெரிந்து வைத்திருங்கள். 'வயசான காலத்தில் புத்தி கெட்டுப்போச்சு' என்று திட்டுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். தானாக நிறுத்தவும் கூடாது.

ரீல்ஸ், ஆன்லைன் ரம்மி… விட முடியவில்லையே?

அடுத்தது என்ன வரும் என்று தெரியாததுதான் கொக்கி. பத்து ரீல்ஸில் ஒன்று வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும், எது என்று தெரியாது. ஷுல்ட்ஸின் குழு 2003இல் பார்த்தபோது, சாறு வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்போதுதான், காத்திருக்கும் நேரம் முழுக்க டோபமைன் செல்களின் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. நிச்சயமாக வரும் என்றாலும் வராது என்றாலும் அந்த ஏற்றம் இல்லை. மங்காத்தாவைக் கண்டுபிடித்தவருக்கு நரம்பியல் தெரியாது. ஆனால் இது தெரிந்திருக்கிறது.

போனை எல்லாம் ஒதுக்கி வைத்து 'டோபமைன் டீடாக்ஸ்' (நச்சு நீக்கம்) செய்யலாமா?

டோபமைன் நஞ்சில்லை, கழுவி வெளியேற்ற. அது வற்றிப்போனால் நீங்கள் கட்டிலைவிட்டு எழமாட்டீர்கள். மேலே சொன்ன முயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து வைப்பது நல்ல பழக்கம், தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு இந்தப் பெயர் வேண்டாம்.

என் மகன் எதையும் ஆரம்பிக்கவே மாட்டான். அவனுக்கு டோபமைன் குறைவா?

சோம்பலுக்கும் டோபமைனுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஜான் சலமோன் என்பவர் எலிகளை வைத்து நீண்டகாலம் இதையே ஆராய்ந்தார். ஒரு பாதையில் நிறைய உணவு, ஆனால் நடுவில் ஏறிக் குதிக்க ஒரு தடுப்பு. மறு பாதையில் கொஞ்சம் உணவு, தடுப்பு கிடையாது. சாதாரண எலி தடுப்பைத் தாண்டும். டோபமைன் குறைக்கப்பட்ட எலி 'இருப்பது போதும்' என்று சுலபமான பக்கம் போய்விடும். ஆனால் கவனியுங்கள்: சுலபமான பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டால், அதே எலி தடுப்பை ஏறித் தாண்டியது. முடியாமல் போகவில்லை. 'இவ்வளவு பாடுபட வேண்டுமா?' என்ற கணக்குதான் மாறியிருந்தது.

இது எலியின் மூளையில் ஊசி போட்டுக் குறைத்த டோபமைன். உங்கள் மகன் விஷயத்தில் நான் முதலில் கேட்பது: எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? ரத்தசோகை இருக்கிறதா? தைராய்டு பார்த்தீர்களா? மனச்சோர்வின் அறிகுறி உண்டா? தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உடம்பு கனக்கும், எதிலும் நாட்டம் இருக்காது, குளிர் தாங்காது, எடை ஏறும். அதை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரையில் சரிசெய்யலாம். வருஷக்கணக்கில் 'சோம்பேறி' என்று பேர் வாங்கி, கடைசியில் தைராய்டு என்று தெரிந்த மாணவியை எனக்குத் தெரியும்.

ஆக்சிடோசினை அன்பு ஹார்மோன் என்கிறார்களே, அதுவும் தப்பா?

பாதி சரி. கிராமத்தில் வளர்ந்தவர்கள் ஆக்சிடோசினை அதன் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள். கன்றை முட்டவிட்டால்தான் மாடு பால் இறக்கும். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொடுக்கும், மடி சுரக்கும். என் சிறுவயதில் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் அந்த வைக்கோல் கன்றைப் பார்த்து இரவெல்லாம் தூங்கவில்லை. கன்றின் வாசமும் தொடுதலும் மாட்டின் மூளைக்குப் போய், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்கி, மடியின் நுண்தசைகளைப் பிழிகிறது. தாய் குழந்தையின் அழுகையைக் கேட்டதும் பால் கசிவதும் இதே கதைதான்.

மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பதும் பால்காரர்களுக்குத் தெரியும். 1941இல் ஈலி, பீட்டர்சன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கறக்கும் நேரத்தில் மாட்டின் முதுகில் பூனையை உட்கார வைத்து, காகிதப் பைகளை ஊதி வெடித்து இதைச் சோதித்திருக்கிறார்கள். பால் நின்றது. பயத்தில் சுரந்த அட்ரினலின் அந்த வழியை மறித்துவிட்டது.

ஹென்றி டேல் 1906இல் பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். வின்சென்ட் டு வின்யோ 1953இல் அந்தச் சாற்றில் உள்ள ஆக்சிடோசினை ஆய்வகத்தில் செய்து காட்டினார். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி. பிரசவ வார்டில் வலி வருவதற்கு ட்ரிப்பில் ஏற்றுவது இதைத்தான். இதுவரை எல்லாம் உறுதி.

உறுதியில்லாதது எது?

'அன்பு' என்ற பகுதி. அமெரிக்கப் புல்வெளிகளில் ஒரு வகை வயல் எலி உண்டு, சோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாது. அதன் மலையுறவினர் அப்படியில்லை. இரண்டின் மூளையிலும் ஆக்சிடோசின் ஏற்பிகள் இருக்கும் இடம் வேறு வேறு. இதை வைத்துத்தான் 'அன்பு ஹார்மோன்' என்ற பெயர் பரவியது. ஆனால் 2023இல் கலிபோர்னியாவில், அந்த ஏற்பிக்கான மரபணுவையே நீக்கிவிட்டு வளர்த்த புல்வெளி எலிகளும் சோடி சேர்ந்தன. ஆராய்ச்சியாளர்களே எதிர்பார்க்கவில்லை.

மனிதர்களில் இன்னும் மோசம். 2005இல் சூரிச்சில் மூக்கில் ஆக்சிடோசின் ஸ்ப்ரே அடித்துக்கொண்டவர்கள் பண விளையாட்டில் அந்நியரை அதிகம் நம்பினார்கள் என்று ஒரு ஆய்வு வந்து உலகச் செய்தியானது. குழுவுக்கு முப்பது பேர்கூட இல்லாத இரண்டு குழுக்கள். 2020இல் 677 ஆண்களை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இதே ஸ்ப்ரேயை 24 வாரம் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2021இல் வெளியானது. போலி ஸ்ப்ரேயைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. இணையத்தில் 'நம்பிக்கை ஸ்ப்ரே' விற்கிறவர்கள் இதையெல்லாம் எழுதமாட்டார்கள்.

நெதர்லாந்தில் கார்ஸ்டன் டி ட்ரூ செய்த ஆய்வுகள் இன்னொரு திருப்பம்: ஆக்சிடோசின் நம் ஆட்களிடம் பரிவைக் கூட்டியது, வெளியாட்களிடம் கூட்டவில்லை. கன்றை நக்குகிற மாடுதான் பக்கத்தில் வரும் நாயை முட்டித் தள்ளும்; யோசித்தால் ஆச்சரியம் இல்லை.

மாட்டுக்கு ஊசி போட்டுக் கறந்த பாலைக் குடித்தால் நமக்கு ஹார்மோன் கெடுமா?

ஆக்சிடோசின் புரதத்தின் துண்டு. வயிற்றுக்குள் போனால் பருப்பைப் போலச் செரித்துவிடும். அந்த ஊசியில் பாவம் மாடுதான்: வலி, நாளடைவில் ஊசி இல்லாமல் பால் இறங்காத நிலை. எதிர்க்க வேண்டியது அந்தக் காரணத்துக்காக.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் சண்டை ஏறும், சரிதானே?

காளைக்குக் காயடித்தால் சாதுவாகும் என்பது உழவருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும். ஏருக்கு எருது, இனப்பெருக்கத்துக்குப் பொலிகாளை. அதை அறிவியலாக்கியவர் ஜெர்மனியின் அர்னால்ட் பெர்டோல்ட். 1849இல் ஆறே சேவல்களை வைத்து வேலையை முடித்தார். விரை எடுக்கப்பட்ட சேவலுக்குக் கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் நின்றன. விரையை வயிற்றுக்குள் வேறு இடத்தில் ஒட்டவைத்தவற்றுக்கு எல்லாம் இருந்தன. நரம்புத் தொடர்பே இல்லாமல் ரத்தம் வழியாக ஏதோ போகிறது என்று அதில் விளங்கியது.

இதுவரை கேள்வி கேட்டவர் பக்கம். இனி யானைக்கு வருவோம். மதம் பிடித்த ஆண் யானைக்கு டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறும், கன்னத்தில் மதநீர் வழியும், பாகனையே தாக்கும். தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் பூங்காவில் 1990களில் இளம் ஆண் யானைகள் சிறுவயதிலேயே மதம் பிடித்து, நீண்ட நாள் அந்த நிலையிலேயே இருந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. அவை, வேறு பூங்காவில் பெரிய யானைகளைச் சுட்டுக் குறைத்தபோது தப்பவைத்துக் கொண்டுவரப்பட்ட அனாதைக் குட்டிகள். பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்தவை. 1998இல் ஆறு முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒருவரும் மருந்து கொடுக்கவில்லை. மூத்த ஆணிடம் மோதித் தோற்ற இளசுகளின் மதம் வற்றியது, கொலைகளும் நின்றன.

ஹார்மோன் நடத்தையை மாற்றுகிறது என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். எதிரே யார் நிற்கிறார்கள் என்பது ஹார்மோனை மாற்றுகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்தப் பக்கம் எழுத ஆசை வந்ததே இதற்காகத்தான்.

யானை சரி, மனிதர்களில்?

பிலிப்பைன்ஸின் செபூ தீவில் 624 இளைஞர்களை நான்கைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2011இல் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் மனைவியும் குழந்தையும் அமையும் வாய்ப்பு அதிகம் இருந்தது. அப்பா ஆனதும் அவர்களுக்கே அது சடசடவென்று இறங்கியது. குழந்தையைத் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. ஆண்மை போய்விட்டது என்று பயப்பட இதில் ஒன்றும் இல்லை, உடம்பு வேலையை மாற்றிக்கொள்கிறது.

1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். ஜெயித்த பிரேசில் ரசிகர்களுக்கு ஏறியிருந்தது, தோற்ற இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. பந்தைத் தொடாதவர்களுக்கே இப்படி. சின்ன ஆய்வுதான், ஆனால் ஐபிஎல் இறுதிப் போட்டி முடிந்த இரவில் நம் தெருவைப் பார்த்தவர்கள் நம்ப மறுக்கமாட்டார்கள்.

இன்னொன்று. 2010இல் சூரிச்சில் பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து, பணத்தைப் பங்கிடச் சொன்னார்கள். உண்மையில் அதைப் பெற்றவர்கள் இன்னும் நியாயமாகவே பங்கிட்டார்கள். எதைப் பெற்றிருந்தாலும், 'நமக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்திருக்கிறார்கள்' என்று நம்பியவர்கள்தான் கஞ்சத்தனம் செய்தார்கள். அந்த ஹார்மோனுக்கு இருக்கிற கெட்ட பேரே ஒரு ஹார்மோன் போல வேலை செய்திருக்கிறது.

மன அழுத்த ஹார்மோன் என்கிற கார்டிசால் கெட்டதா?

காலையில் எழுந்ததும் அது ஏறுவதால்தான் உங்களால் எழுந்து நடக்க முடிகிறது. அட்ரினலின் நொடிக்கணக்கு, கார்டிசால் நிமிஷம், மணிக்கணக்கு. தெருநாய் துரத்தும்போது இரண்டும் வேண்டும். துரத்தும் நாய் பத்து வருஷம் துரத்தினால்தான் சிக்கல். அலுவலகத்தில் அந்த மாதிரி நாய்கள் உண்டு.

1967இல் லண்டனில் தொடங்கிய அரசு ஊழியர்கள் ஆய்வில், கடைநிலை ஆண் ஊழியர்கள் இதயநோயில் இறப்பது உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. அதிகாரிகளுக்குத்தானே டென்ஷன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். புகை, கொழுப்பு என்று கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. தன் வேலைமேல் தனக்குப் பிடி இல்லாததும் ஒரு காரணம் என்பது அதன் தொடர் ஆய்வை நடத்திய மைக்கேல் மார்மட்டின் முடிவு.

கென்யாவில் ராபர்ட் சபோல்ஸ்கி பபூன் குரங்குகளின் ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். தாழ்ந்த நிலையில் உள்ள ஆண்களுக்குக் கார்டிசால் அதிகம். 1980களில் ஒரு கூட்டத்தின் முரட்டு ஆண்கள் எல்லாம், சுற்றுலா விடுதிக் குப்பைமேட்டின் இறைச்சிக்காகப் போட்டிபோட்டு, காசநோய் தொற்றிச் செத்துப்போயின. மிஞ்சியவை சாதுவானவை. பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்த புது ஆண்களும் அந்தக் கூட்டத்தின் சாதுத்தனத்தைப் பழகிக்கொண்டன. அங்கே கடைநிலைக் குரங்குக்கும் அந்த மன அழுத்த அடையாளங்கள் இல்லை. படிநிலை அப்படியேதான் இருந்தது, மேலே இருப்பவன் சும்மா இருப்பவனை அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறதா?

அப்படிச் சொல்லித்தான் பல ஆண்டு மாத்திரை விற்றார்கள். 2022இல் இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, அந்த எளிய கதைக்கு நிலையான ஆதாரம் கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தலைவலி பாரசிட்டமாலில் போகிறது என்பதால் பாரசிட்டமால் குறைந்ததால் தலைவலி வந்தது என்று ஆகாது. அதேபோல், காரணக்கதை தப்பானாலும் மாத்திரை பலருக்கு உதவுகிறது.

உடம்பின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது, அது மூளைக்குள் போகாது. மேலே சொன்ன வாழைப்பழத்திலும் செரடோனின் உண்டு, அதுவும் போகாது. மலச்சிக்கலுக்குச் சாப்பிடுங்கள்.

செரடோனினின் ஆச்சரியமான வேலையைப் பார்க்க வெட்டுக்கிளிக்குப் போக வேண்டும். 2020இல் ராஜஸ்தானை மொய்த்த பாலைவன வெட்டுக்கிளி சாதாரணமாகத் தனியே வாழும், இன்னொன்றைக் கண்டால் விலகும். வறட்சியில் மிச்சமிருக்கும் புல்லில் எல்லாம் நெருக்கியடித்து உட்காரும்போது பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இரண்டு மணி நேரம் உரசினால் போதும், நரம்பில் செரடோனின் ஏறி, விலகிய பூச்சி கூட்டம் தேட ஆரம்பித்துவிடுகிறது. 2009இல் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு 'நிம்மதி ஹார்மோன்' என்று பேர் வாங்கிய அதே மூலக்கூறு அங்கே ஊரையே அழிக்கும் படையைத் திரட்டுகிறது.

பெண்கள் கோபப்பட்டால் 'மாதவிலக்கு ஹார்மோன்' என்கிறார்களே?

பெரும்பாலும் வாயை அடைக்கும் உத்தி. ஆனால் மாதவிலக்குக்கு முன் சிலருக்கு வரும் கடும் மனவேதனை பொய்யும் இல்லை. 1998இல் அமெரிக்காவில் பீட்டர் ஷ்மிட் குழுவினர் அதைப் பிரித்துக் காட்டினார்கள். கருப்பையின் இரு பக்கமும் இருக்கும் சூலகங்களின் ஹார்மோன்களை மருந்தால் அடக்கிவிட்டு, பிறகு அதே அளவில் திரும்பக் கொடுத்தார்கள். முன்பு வேதனைப்பட்டவர்களுக்கு அறிகுறிகள் திரும்பின. முன்பு வேதனை இல்லாதவர்களுக்கு, அதே ஹார்மோன், அதே அளவு, ஒன்றும் ஆகவில்லை. ரத்தப் பரிசோதனையில் 'எல்லாம் நார்மல்' என்று வந்ததால் அந்தப் பெண் நடிக்கிறாள் என்று சொல்வது எவ்வளவு அபத்தம் என்று இதில் தெரியும்.

பிரசவத்துக்குப் பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் சில நாட்களில் அதலபாதாளத்துக்கு இறங்கும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் அழுகையும் வெறுமையும் நீடித்தால் 'பச்சை உடம்புக்காரி, சரியாகிவிடும்' என்று விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கூட்டமாகப் பாடி ஆடினால் எண்டார்பின் வருமா?

வரும் என்றே தோன்றுகிறது. ஆக்ஸ்போர்டில் துடுப்புப் படகு வீரர்கள் தனித்தனியே பயிற்சி செய்தபோதும் சேர்ந்து செய்தபோதும் உழைப்பு ஒன்றுதான். சேர்ந்து செய்த பிறகு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. மூளைக்குள் எண்டார்பினை அளப்பது கஷ்டம் என்பதால் வலியை வைத்துக் கணிக்கிறார்கள். நடவுப் பாட்டு, கும்மி, வலை இழுக்கும்போது ஏலேலோ, இவற்றைக் கண்டுபிடித்தவர்களுக்கு இடுப்புவலி தெரிந்திருந்தது.

டோபமைன், ஆக்சிடோசின் எல்லாம் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? 'மகிழ்ச்சி ஹார்மோன் பேக்கேஜ்' என்று ஒரு லேபில் சொன்னார்கள்.

காசைப் பத்திரமாக வையுங்கள். ரத்தத்தில் உள்ள டோபமைன் மூளைக்குள் நுழைய முடியாது, மூளையில் எவ்வளவு இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது. சிலவகைக் கட்டிகளைக் கண்டுபிடிக்க டோபமைன், அட்ரினலின் சோதனைகள் உண்டு, அது வேறு சங்கதி.

எப்போதும் அசதி, எதிலும் பிடிப்பில்லை என்றால் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), சர்க்கரை இந்த மூன்றும் பார்த்தால் பாதிப் பேருடைய சந்தேகம் தீரும். ஆண்கள் டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதானால் காலையில், பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். சாயங்காலம் கொடுத்தால் இயல்பாகவே குறைவாகக் காட்டும். ஒருமுறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் கவலைப்பட வேண்டும். முந்தைய இரவு சரியாகத் தூங்காமல் போனால் அந்த ரிசல்ட்டை நம்பாதீர்கள்.